ஒரு கணினியில் மட்டும் திறக்காத தளம்

"மத்ததெல்லாம் வருது. இது ஒண்ணுதான் வரமாட்டேங்குது. போன்ல பார்த்தா வருது."

கணினியைப் பற்றி உறவிலும் நட்பிலும் என் காதில் அதிகம் விழும் புகார் இதுதான். சொல்பவர் சலிப்போடு சொல்வார். எனக்கோ இதைவிடத் தெளிவான புகார் வேறு இல்லை என்று தோன்றும். மற்ற தளங்கள் வருகின்றன என்றால் இணைப்பு இருக்கிறது. போனில் அதே தளம் வருகிறது என்றால் தளமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆக, அந்தக் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே மட்டும் ஏதோ ஒன்று இடறுகிறது. தேட வேண்டிய இடம் இவ்வளவு சுருங்கிவிட்ட பழுது கணினி உலகில் அபூர்வம்.

ஆனால் இந்தச் சாதகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. கேட்டவுடனே மருந்து சொல்லிவிடுகிறார்கள். ரவுட்டரை அணைத்துப் போடு, கேஷை எல்லாம் அழி, பிரவுசரைத் தூக்கிவிட்டு மறுபடி போடு, எதற்கும் மசியாவிட்டால் விண்டோஸையே புதிதாக நிறுவு. இவற்றில் ஏதோ ஒன்று சில சமயம் பலிக்கவும் செய்யும். எது பலித்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே பழுது வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் சேமித்து வைத்த கடவுச்சொற்களும் போயிருக்கும். காரணம் எங்கே இருக்கிறது என்று காட்டக்கூடிய தடயங்களை அழித்துவிட்டுத்தான் நாம் காரணத்தைத் தேடவே தொடங்குகிறோம். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முதலில் பார்க்க வேண்டும், கைவைப்பது அதற்கப்புறம்.

சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்றவர்களுக்கான ஒரு சங்கத்தில் அவர் செயலாளர். சங்கத்துக்கென்று ஒரு தளம் உண்டு. அது அவருடைய கணினியில் மட்டும் திறக்கவில்லை. போன் செய்தார்.

"சித்தப்பா, போன்ல வருதுன்னு சொன்னீங்களே, அது வைஃபையிலயா, மொபைல் டேட்டாவுலயா?"

"அதெல்லாம் யாருப்பா பார்த்தா? வந்துச்சு, அவ்வளவுதான்."

இந்த வேறுபாடு முக்கியம். போன் வைஃபையில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் சில நேரம் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்போது போன் போன பாதை வேறு, கணினி போன பாதை வேறு, ஒப்பிட்டுப் பயனில்லை. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் பார்க்கச் சொன்னேன். தளம் வந்தது. அடுத்து, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, கணினியை அதில் இணைக்கச் சொன்னேன். இப்போது கணினி வீட்டு ரவுட்டரைத் தொடவே இல்லை. அப்போதும் வரவில்லை. இந்த இரண்டு மாற்றங்களிலேயே ரவுட்டர், இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனம், தளத்தின் சர்வர் மூன்றும் சந்தேகப் பட்டியலிலிருந்து விலகிவிட்டன. எதையும் அழிக்கவில்லை, எதையும் நிறுவவில்லை. காரணம் கணினிக்குள்தான்.

ஒரு முகவரியைத் தட்டி என்டர் அழுத்தியதும் என்ன நடக்கிறது என்பதை ஓரளவு மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு தேடுவது சுலபம். முதலில் தளத்தின் பெயர் ஓர் எண் முகவரியாக மாற வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிஎன்எஸ். பிறகு அந்த எண்ணுக்குக் கணினியிலிருந்து ஓர் இணைப்பு போய்ச் சேர வேண்டும். அதன்பின், இது உண்மையான தளம்தான் என்று காட்டும் சான்றிதழைச் சரிபார்த்து மறைகுறியாக்கம் தொடங்க வேண்டும். அப்புறம் பக்கம் வந்து இறங்க வேண்டும். கடைசியாகப் பிரவுசர் அதைத் திரையில் விரிக்க வேண்டும். "வரவில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை படிகள் ஒளிந்திருக்கின்றன. எந்தப் படியில் நின்றது என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

அந்தக் கேள்விக்கான விடை பெரும்பாலும் திரையிலேயே எழுதியிருக்கும். பிழைச் செய்தியை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். குரோமில் சாம்பல் நிறச் சிறிய எழுத்தில் வரும் அந்த வரி எவ்வளவு சொல்கிறது! "என்எக்ஸ்டொமைன்" என்று முடிந்தால் பெயரே கிடைக்கவில்லை, முதல் படியிலேயே நின்றுவிட்டது. "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் எண் கிடைத்து, அங்கே போய்க் கதவையும் தட்டியாகிவிட்டது. திறக்க மாட்டேன் என்று பதில் வந்திருக்கிறது. "டைம்டு அவுட்" என்றால் தட்டியும் பதிலே இல்லை. நடுவில் "செர்ட்" என்று இருந்தால் சிக்கல் சான்றிதழில். பிழையே காட்டாமல் வெள்ளைப் பக்கம் மட்டும் வந்தால் பெரும்பாலும் கடைசிப் படிதான்.

சித்தப்பாவைத் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "டைம்டு அவுட்". வேறொரு பிரவுசரில் திறக்கச் சொன்னேன். அதிலும் அதே. இரண்டு பிரவுசரிலும் ஒரே மாதிரி நிற்கிறது என்றால் குக்கி (தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு), எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த சிறு நிரல்) போன்றவற்றைக் கிளற வேண்டியதில்லை. அடியில் இருக்கும் விண்டோஸுக்கு இறங்க வேண்டும்.

கமாண்ட் ப்ராம்ப்ட் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, பிங் என்று தட்டி, பக்கத்தில் தளத்தின் பெயரைத் தட்டச் சொன்னேன். பிங் 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய சிறிய கருவி. நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் எழுப்பும் ஒலிதான் பெயராக வந்தது. தரவை வலையில் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் அனுப்புவார்கள்; அப்படி ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. நான் அதைக் கேட்டது வேறு காரணத்துக்காக: பொட்டலத்தை அனுப்புமுன், தளத்தின் பெயரைக் கணினி எந்த எண்ணாக மாற்றிக்கொண்டது என்று பிங் முதல் வரியிலேயே காட்டிவிடும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டோம். அடுத்து என்எஸ்லுக்அப் என்ற கட்டளையோடு அதே பெயரைத் தட்டச் சொன்னேன். அதுவும் ஓர் எண்ணைத் தந்தது.

இரண்டும் வேறு வேறு எண்கள்.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கணம் இதுதான். பிங் கேட்பது விண்டோஸிடம். பிரவுசரும் பொதுவாக அந்த வழியில்தான் போகிறது. என்எஸ்லுக்அப் விண்டோஸை ஒதுக்கிவிட்டு நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்கிறது. சர்வர் ஒரு எண் சொல்ல, விண்டோஸ் வேறு எண் சொல்கிறது என்றால், விண்டோஸ் தன்னிடம் எங்கோ எழுதி வைத்திருக்கும் விடையைச் சொல்கிறது என்று பொருள். அப்படி எழுதி வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று டிஎன்எஸ் கேஷ், அதாவது முன்பு கிடைத்த விடைகளைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் இடம். ஐபிகான்ஃபிக் கட்டளையின் ஃப்ளஷ்டிஎன்எஸ் வசதியால் அதைக் காலி செய்தோம். பிங் மீண்டும் பழைய எண்ணையே காட்டியது. மிச்சம் ஓர் இடம்தான்: ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு.

இந்தக் கோப்பின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் கணினிகளின் பெயர்களுக்கும் எண்களுக்கும் ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தின் தகவல் மையத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிய கணினி ஒன்று வலையில் சேர்ந்தால் அந்த மையத்துக்குத் தெரிவிப்பார்கள், பட்டியலில் ஏறும், மற்றவர்கள் அந்தக் கோப்பைப் படியெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இந்த முறை தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பெயர்ப் பட்டியல் ஒரே கோப்பாக இல்லாமல் உலகம் முழுக்கப் பகிர்ந்து வைக்கப்பட்டது. ஆனால் பழைய கோப்பு மறையவில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் இன்றும் அது இருக்கிறது. வழக்கமான அமைப்பில், டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன்பே கணினி அதைத்தான் பார்க்கும். அதில் ஒரு பெயர் இருந்தால் அந்த விடையே முடிவு.

விண்டோஸில் அது சிஸ்டம்32 கோப்புறைக்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்ற இடத்தில் இருக்கும். நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறந்தால்தான் திருத்திச் சேமிக்க முடியும். சித்தப்பா திறந்து படித்தார். ஹேஷ் குறியோடு தொடங்கும் விளக்க வரிகளுக்குக் கீழே, தனியாக ஒரு வரி: பிங் காட்டிய அதே எண், பக்கத்தில் சங்கத் தளத்தின் பெயர்.

சித்தப்பாவின் மகனான தம்பியிடம் கேட்டேன். "ஆமாண்ணா, அது நான் போட்டதுதான். தளத்தைப் புது சர்வருக்கு மாத்தினப்ப, டிஎன்எஸ்ல எண் மாறுறதுக்கு முன்னாடியே சரியா வருதான்னு பார்க்கப் போட்டேன்." முறையான வழக்கம்தான் அது, தளங்களை இடம் மாற்றுகிறவர்கள் எல்லாரும் செய்வது. டிஎன்எஸ்ஸில் எண் மாறியபின் அந்த வரி இருந்தாலும் தொல்லை இல்லை, இரண்டு எண்களும் ஒன்றுதானே. பல மாதங்கள் கழித்துச் சங்கம் வேறு சர்வருக்குப் போனது. உலகத்துக்கெல்லாம் டிஎன்எஸ் புது எண்ணைச் சொன்னது. இந்தக் கணினி மட்டும் ஆளில்லாத பழைய சர்வரைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டுச் சேமித்தோம். தளம் திறந்தது. விண்டோஸைப் புதிதாக நிறுவியிருந்தாலும் இது திறந்திருக்கும். ஏன் திறந்தது என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்நிய வரி இருந்தால் அது இப்படி நல்லெண்ணத்தில் போட்டதாகவே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வங்கித் தளத்தின் பெயரைப் போலித் தளத்தின் எண்ணுக்குத் திருப்பிவிடும் தீநிரல்களும் இதே கோப்பைத்தான் பயன்படுத்தும். 2008இல் பரவிய கான்ஃபிக்கர் புழுவுக்கு இந்தக் கோப்புகூடத் தேவைப்படவில்லை. பெயர் கேட்கும் கட்டத்திலேயே குறுக்கே புகுந்து, வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்களையும் விண்டோஸ் அப்டேட்டையும் மட்டும் திறக்கவிடாமல் செய்தது. மற்ற எல்லாத் தளமும் வந்தன. அதனால், திறக்காத தளம் எது என்பதையும் கவனிக்க வேண்டும். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களின் தளங்கள் மட்டும் பார்த்துப் பார்த்து நிற்கின்றன என்றால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு.

டிஎன்எஸ்சேஞ்சர் இன்னொரு வகை. கணினியின் டிஎன்எஸ் சர்வர் அமைப்பையே மோசடிக்காரர்களின் சர்வர்களுக்கு மாற்றிவிடும். சுமார் 100 நாடுகளில் 40 லட்சம் கணினிகள் இதில் சிக்கியிருந்தன என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2011 நவம்பரில் அறிவித்து, கும்பலைப் பிடித்தது. அந்தச் சர்வர்களை உடனே நிறுத்தினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு தளமும் திறக்காது என்பதால், நீதிமன்ற அனுமதியோடு அவற்றின் இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். அதனால் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் முகவரி "தானாகப் பெறு" என்று இருக்கிறதா, யாரோ எண் போட்டு வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது வீண் வேலை இல்லை. 8.8.8.8 என்றால் கூகுள், 1.1.1.1 என்றால் கிளவுட்ஃப்ளேர். அடையாளம் தெரியாத எண் என்றால் விசாரியுங்கள்.

பெயரில் தவறில்லை, இணைப்பும் போய்ச் சேர்கிறது, ஆனாலும் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் என் முதல் சந்தேகம் பொட்டலத்தின் அளவின்மேல். இதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் அதிகபட்சம் 1500 பைட். பிபிபிஓஇ (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) வகை பிராட்பேண்டில் 8 பைட் தலைப்புக்குப் போக 1492தான். விபிஎன் (வேறொரு நெட்வொர்க் வழியாக மறைகுறியாக்கிச் செல்லும் இணைப்பு) ஓடினால் அதன் உறைகளும் இடம் பிடிப்பதால் இன்னும் குறையும். வழியில் ஒரு ரவுட்டரால் பெரிய பொட்டலத்தைக் கடத்த முடியாவிட்டால், "இது பெரிது, சிறிதாக்கி அனுப்பு" என்று அனுப்பியவருக்கு ஒரு செய்தி போக வேண்டும். 1990இலேயே இதற்கு விதி எழுதிவிட்டார்கள். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் சில நெட்வொர்க்குகள் அந்த வகைச் செய்திகளை மொத்தமாகத் தடுத்துவிடுகின்றன. அனுப்பியவருக்குச் சேதி போகாது. அவர் அதே பெரிய பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புவார். அது திரும்பத் திரும்பக் காணாமல் போகும். கதவின் அகலம் தெரியாமல் வாங்கி வந்த பீரோ வாசலிலேயே நிற்பதுபோல.

இதன் அறிகுறி விசித்திரமானது. சிறிய பொட்டலங்கள் எல்லாம் தாராளமாகப் போய்வரும். பிங் பதில் சொல்லும். இணைப்பு ஏற்படும். பக்கத்தின் உள்ளடக்கம் பெரிய பொட்டலங்களாக வரத் தொடங்கும் இடத்தில் எல்லாம் உறைந்துவிடும். அலுவலக விபிஎன் ஓடும் ஒரு கணினியில் மட்டும், ஒன்றிரண்டு தளங்கள் மட்டும் இப்படி நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சோதிப்பது எளிது. விண்டோஸில் பிங் கட்டளைக்கு, பொட்டலத்தை உடைக்காதே என்ற குறியையும் 1472 என்ற அளவையும் கொடுங்கள். அதோடு 28 பைட் தலைப்பு சேர்ந்தால் சரியாக 1500. பதில் வராவிட்டால் அளவைப் படிப்படியாகக் குறையுங்கள். 1464இல் பதில் வந்தால் வழியின் கொள்ளளவு 1492 என்று தெரிந்துவிடும். பிங்குக்கே பதில் தராத தளங்களும் உண்டு. முதலில் சிறிய அளவில் பதில் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சான்றிதழ்ப் பிழைக்கு வருகிறேன். கணினியின் கடிகாரம் வருடக் கணக்கில் பின்தங்கியிருந்தால் கிட்டத்தட்ட எந்தத் தளமும் திறக்காது. அப்போது மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். சில நாட்கள் மட்டும் பின்தங்கியிருந்தால்தான் ஆளைக் குழப்பும். இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு பரவலாக்கிய 90 நாள் சான்றிதழ்கள் அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன. நேற்று புதுப்பித்த சான்றிதழ், மூன்று நாள் பின்தங்கிய கணினிக்கு இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் அந்த ஒரு தளத்தை மட்டும் நிராகரிக்கும், மற்றவற்றை ஏற்கும். சில நாளில் தானாகச் சரியாகிவிடும். பிறகு வேறொரு தளம் நிற்கும். "ஒரு நாள் இது வரலை, ஒரு நாள் அது வரலை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் மூலையில் தெரியும் தேதியைப் படிக்கச் சொல்வேன்.

பழைய கணினி என்றால் வேர்ச் சான்றிதழையும், அதாவது மற்றச் சான்றிதழ்களை நம்பக் கணினி அடிப்படையாக வைத்திருக்கும் சான்றிதழையும், நினைக்க வேண்டும். 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்க்ரிப்ட் அதுவரை சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. அப்டேட் வாங்காத பழைய கணினிகளிலும் போன்களிலும் பல தளங்கள் அன்று நின்றன. ஃபயர்ஃபாக்ஸ் தன் வேர்ச் சான்றிதழ்களைத் தானே வைத்திருப்பதால் அதே பழைய கணினியில் அது மட்டும் வேலை செய்தது. ஒரு பிரவுசரில் வந்து இன்னொன்றில் வராத தளத்துக்கு இப்படியும் ஒரு விளக்கம் உண்டு. எதுவானாலும், எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகும் பொத்தானை அழுத்தாதீர்கள், குறிப்பாகக் கடவுச்சொல் கேட்கும் தளங்களில். முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் குறியின் வழியாகச் சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். போனில் ஒரு பெயரும் கணினியில் உங்கள் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் பெயரும் தெரிந்தால், அந்த மென்பொருள் நடுவில் புகுந்து பக்கங்களைச் சோதிக்கிறது. அதன் அந்த ஓர் அம்சத்தை மட்டும் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்து, சோதனை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

பிரவுசருக்குள் இருக்கும் காரணங்கள் எளியவை. தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள். அதில் பழைய குக்கிகள் இருக்காது, எக்ஸ்டென்ஷன்களும் பொதுவாக ஓடாது. அங்கே தளம் வந்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்று. அந்தத் தளத்தின் குக்கிகளை மட்டும் அழித்தால் போதும். எல்லாவற்றையும் அழித்து எல்லாத் தளத்திலும் மறுபடி உள்நுழைய வேண்டிய அவசியமில்லை. விளம்பரத் தடுப்பானை அந்த ஒரு தளத்துக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பலன் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்தது.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடாவிட்டால் தளத்தை நடத்துபவருக்கு எழுதலாம். "உங்கள் தளம் வரவில்லை" என்று மட்டும் எழுதினால் "எங்களுக்கு வருகிறதே" என்றுதான் பதில் வரும், அது நியாயமும்கூட. முயன்ற நேரத்தை நிமிடத்தோடு எழுதுங்கள். பிழைச் செய்தியை அப்படியே எழுதுங்கள். எந்தக் கருவியில் வருகிறது, எதில் வரவில்லை, வெளியே தெரியும் உங்கள் ஐபி முகவரி எது என்பதையும் சேருங்கள். அவரிடம் ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்துச் சொல்லக் கேளுங்கள்: அந்த நிமிடத்தில், அந்த முகவரியிலிருந்து, அந்தப் பிரவுசரின் பெயரோடு ஒரு கோரிக்கை சர்வரின் பதிவில் இருக்கிறதா? இருந்தால் கேள்வி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, பதில்தான் வழியில் தொலைகிறது. பொட்டலத்தின் அளவையும் வைரஸ் எதிர்ப்பையும் மறுபடி பாருங்கள். இல்லையென்றால் கோரிக்கை சர்வருக்குள் நுழையவே இல்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பு, டிஎன்எஸ் அமைப்பு, ஃபயர்வால், கடிகாரம் என்று தேடல் கணினியின் பக்கமே திரும்ப வேண்டும்.